கணக்கு வகுப்புக்கு இணையத்தில் எதை எடுப்பது, எதை விடுவது

"ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறேன். இணையத்தில் தேடினால் பட்டியல் பட்டியலாகக் கொட்டுகிறது. நூறு தளம் வேண்டாம், வகுப்பில் உண்மையிலேயே உதவுகிறவற்றை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தீர்கள். நூறு வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் என் வேலை பாதி குறைந்தது. ஐந்தாறு தளங்களை நன்றாகப் பழகிக்கொண்டால் போதும். ஆனால் அவற்றை எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் நுழைப்பது என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தளத்தைத் திறந்ததும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதில் பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது? சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா, இல்லை ஊகிக்க, இழுத்துப் பார்க்க, தப்புச் செய்ய, திருத்திக்கொள்ள இடம் இருக்கிறதா? ஆரம்பத்தில் நான் இதைக் கவனிக்கவே இல்லை. பின்னங்களை வகுப்பது பற்றி அருமையான அசைபடம் ஒன்றைத் தேடிப் பிடித்து வகுப்பில் ஓட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் திருப்தி. மறுநாள் இரண்டு கணக்குக் கொடுத்தேன். எந்தப் பின்னத்தைத் தலைகீழாக்குவது என்பதிலேயே பாதிப் பேருக்குக் குழப்பம். காணொளியில் ஒரு குறையும் இல்லை. யோசிக்க வேண்டிய இடங்களையெல்லாம் அதுவே யோசித்து முடித்துவிட்டது, பிள்ளைகளுக்கு மிச்சம் வைக்கவில்லை. அவ்வளவுதான்.

சரி, ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது. இன்று உலகெங்கும் வகுப்புகளில் ஓடுகிறது. கற்பிக்கவும் கற்கவும் இலவசம். இணையம் இல்லாமலும் கணினியிலோ கைப்பேசியிலோ நிறுவி வைத்துக்கொள்ளலாம். வடிவியல், வரைபடம், இயற்கணிதம், முப்பரிமாணம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன.

அதன் உயிர்நாடி 'இழுத்துப் பார்ப்பது'. பிள்ளைகளிடம் ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் நான்கு புள்ளிகளைக் கண்ணளவில் வைத்து இணைத்துவிடுவார்கள். பார்க்கச் சதுரம்தான். இப்போது ஒரு முனையைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். சதுரம் கோணல்மாணலாகிவிடும். "உன் சதுரம் கலைந்துவிட்டதே, என் சதுரம் கலையவில்லையே, ஏன்?" என்று கேட்டால் அங்கேதான் பாடம் தொடங்குகிறது. எவ்வளவு இழுத்தாலும் சதுரமாகவே இருக்க வேண்டுமென்றால் செங்குத்துக் கோடு வேண்டும், சம நீளத்துக்கு வட்டம் வேண்டும். அதாவது சதுரத்தின் பண்புகளைச் சொல்லித்தான் சதுரத்தைக் கட்ட முடியும். வரைவதற்கும் அமைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கரும்பலகையில் நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை கலைந்துபோன சதுரம் அதைவிட நன்றாக விளக்கிவிட்டது.

அடுத்த படி: ஏதாவது ஒரு நாற்கரம். ஒழுங்கில்லாததாக இருக்கட்டும். நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் குறித்து வரிசையாக இணைக்கச் சொல்லுங்கள். உள்ளே வருவது இணைகரம். நாற்கரத்தின் முனையை எங்கே இழுத்தாலும் அது இணைகரமாகவே நிற்கும். உள்பக்கம் குழிந்தாலும் சரி, பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டாலும் சரி. வாரின்யோன் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளரின் பெயரில் வழங்கும் தேற்றம் இது. அவர் இறந்த பிறகு 1731இல்தான் அச்சில் வந்தது. பிள்ளைகளுக்கு இது மாயம்போல் இருக்கும். ஏன் என்று கேட்டுவிட்டு மெதுவாக ஒரு மூலைவிட்டத்தை மட்டும் வரைந்து காட்டுங்கள். முக்கோணத்தின் நடுப்புள்ளித் தேற்றத்தைப் படித்த பிள்ளை யாராவது ஒருவர் கத்திவிடுவார். நாம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அந்த நிமிடத்தில் கஷ்டமான வேலை.

ஆனால் இழுத்துப் பார்ப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. "நூறு தடவை இழுத்தாச்சு, நூறிலும் சரியாக வருது, அப்புறம் நிரூபணம் எதுக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்காவிட்டாலும் நினைக்கும். நியாயமான கேள்வி. இதற்கு நான் வைத்திருக்கும் பதில் வட்டத்துப் புள்ளிகள் கணக்கு. வட்டத்தின் மேல் சில புள்ளிகளைக் குறித்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்தால் வட்டம் எத்தனை துண்டாகும்? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு? வகுப்பே 32 என்று சொல்லும். ஜியோஜீப்ராவில் வரைந்து எண்ணச் சொல்லுங்கள். சிலருக்கு 31 வரும், சிலருக்கு 30 வரும், 32 யாருக்கும் வராது. திரும்பத் திரும்ப எண்ணுவார்கள், பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போடுவார்கள். 30 வந்தவர்கள் புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தவர்கள்: மூன்று கோடுகள் நடுவில் ஒரே புள்ளியில் சந்தித்து ஒரு துண்டை விழுங்கிவிடுகின்றன. ஒரு புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தினால் அங்கே குட்டி முக்கோணம் ஒன்று திறந்து 31 ஆகும். அதற்கு மேல் எப்படி இழுத்தாலும் 32 வராது.

இந்த இடத்தில் இன்னொரு தளத்தைத் திறந்து காட்டுவேன். முழு எண் தொடர்வரிசைகளின் இணையக் கலைக்களஞ்சியம். நீல் ஸ்லோன் மாணவராக இருந்தபோது 1964இல் தொடர்வரிசைகளைச் சேகரிக்க ஆரம்பித்தார். 1996இலிருந்து அந்தச் சேகரிப்பு இணையத்தில் இருக்கிறது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள். தேடல் பெட்டியில் 1, 2, 4, 8, 16 என்று போட்டால் இரண்டின் அடுக்குகள் மட்டுமல்ல, அப்படித் தொடங்கி வேறெங்கோ போகும் வரிசைகள் ஏராளமாக வரும். 31ஐயும் சேர்த்துப் போட்டால் நம் வட்டத்துத் துண்டுகள் வந்து நிற்கும்: அடுத்தது 57, அதற்கடுத்தது 99. 'அடுத்த எண் என்ன?' என்ற கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் என்று நம்பியிருந்த பிள்ளைகளின் முகம் அப்போது பார்க்க வேண்டியது. தளம் பழைய பாணியில், வெறும் எழுத்தாக இருக்கும். அலங்காரமே கிடையாது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

வரைபடம், சார்பு, சமன்பாடு என்று வந்துவிட்டால் டெஸ்மாஸ். ஜியோஜீப்ராவிலும் இதெல்லாம் செய்யலாம், ஆனால் டெஸ்மாஸ் வரைபடக் கணிப்பான் கைக்கு இதமாக இருக்கும். தட்டச்சு செய்யச் செய்ய வளைவு வந்துவிடும். எழுத்தை மாறியாகப் போட்டால் அதற்கு ஒரு ஸ்லைடர், அதாவது இழுத்து மதிப்பை மாற்றும் பட்டி, வேண்டுமா என்று அதுவே கேட்கும். பத்தாம் வகுப்பில் இருபடிச் சார்பு நடத்தும்போது மூன்று ஸ்லைடர்கள் வையுங்கள்: எக்ஸ் வர்க்கத்தின் கெழுவுக்கு ஒன்று, எக்ஸின் கெழுவுக்கு ஒன்று, மாறிலிக்கு ஒன்று. எதையும் நகர்த்துவதற்கு முன்னால் "இதை நகர்த்தினால் பரவளையம் என்ன செய்யும்?" என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விடாதீர்கள். எழுதாவிட்டால் நகர்த்திய பிறகு எல்லாரும் "இதைத்தான் நானும் நினைத்தேன்" என்பார்கள்.

மாறிலியை நகர்த்தினால் வளைவு மேலும் கீழும் போகும். சுலபம். வர்க்கத்தின் கெழுவை நகர்த்தினால் குறுகும், அகலும், குறியை மாற்றினால் கவிழும். அதையும் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். நடுவில் இருக்கும் எக்ஸின் கெழுதான் சமாசாரம். இடமும் வலமும் போகும் என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள், ஆசிரியர்கள் உட்பட. நகர்த்திப் பார்த்தால் வளைவு ஒரு விசித்திரமான ஊசலாட்டம் ஆடும். முனை போகும் தடத்தைக் குறித்துக்கொண்டே வந்தால் அந்தத் தடமே ஒரு பரவளையம். அதே அகலம், ஆனால் தலைகீழ். எந்த நிலையிலும் வளைவு ஒய் அச்சை வெட்டும் இடம் மட்டும் மாறுவதில்லை. அந்த இடம்தான் தலைகீழ்ப் பரவளையத்தின் முனை. முனையின் ஆயத்தொலைவுகளுக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கும் சூத்திரத்தை எடுத்து இரண்டு வரி இயற்கணிதம் செய்தால் நிரூபணம் முடிந்தது. சூத்திரத்தை மனப்பாடம் செய்ய மட்டுமே பயன்படுத்தியிருந்த பிள்ளை அன்றைக்கு அதை ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தும்.

டெஸ்மாஸ் பெயரில் வகுப்புச் செயல்பாடுகளும் உண்டு. 2022இலிருந்து ஆம்ப்ளிஃபை என்ற நிறுவனம் அவற்றை நடத்துகிறது, கணிப்பான் தனியாக இருக்கிறது. செயல்பாடுகளில் 'பாலிகிராஃப்' என்ற விளையாட்டை மட்டுமாவது முயன்று பாருங்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்துகொள்வார்கள். ஒருவர் மனதுக்குள் ஒரு வரைபடத்தைத் தேர்ந்தெடுப்பார். மற்றவர் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் கேட்டே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் "மேலே போகிறதா?" என்று கேட்பார்கள். அது எதையும் பிரித்துக் காட்டாது. மூன்றாவது ஆட்டத்துக்குள் "மேல்நோக்கித் திறக்கிறதா?", "முனை எக்ஸ் அச்சுக்குக் கீழே இருக்கிறதா?" என்று வந்துவிடும். கலைச்சொற்களை நாம் கரும்பலகையில் எழுதிப்போட்டால் சுமை. தேவைப்பட்ட நேரத்தில் கொடுத்தால் ஆயுதம். எல்லார் கையிலும் கருவி இல்லையா? நாற்பது வரைபடங்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தும் இதே விளையாட்டை ஆடலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

கீழ் வகுப்புகளுக்கு ஃபெட், பாலிபேட் இரண்டும். ஃபெட் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்திலிருந்து வருவது. இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002இல் தொடங்கினார். பெயரில் இயற்பியல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கணக்குக்கும் நல்ல பாவனைச் செயலிகள் (சிமுலேஷன்கள்) இருக்கின்றன, பல தமிழிலும் கிடைக்கின்றன. பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். 'பரப்பு மாதிரி' என்ற தொகுப்பைப் பாருங்கள். 14 × 23ஐ ஒரு செவ்வகமாகப் போட்டு, பத்தும் நான்குமாக ஒரு பக்கத்தையும் இருபதும் மூன்றுமாக மறு பக்கத்தையும் உடைத்தால் நான்கு அறைகள். 200, 30, 80, 12. கூட்டினால் 322. ஆறாம் வகுப்பில் இப்படிப் பழகிய பிள்ளைக்கு எட்டாம் வகுப்பில் இரண்டு ஈருறுப்புக் கோவைகளைப் பெருக்கும்போது அதே நான்கு அறைகளைக் காட்டினால் போதும். நடு உறுப்பை மறந்துவிடும் அந்தப் பழைய தப்பு, அதாவது எக்ஸ் கூட்டல் மூன்றின் வர்க்கத்தை எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒன்பது என்று எழுதுவது, வெகுவாகக் குறையும். இரண்டு அறைகள் காலியாக இருப்பது கண்ணில் படுகிறதல்லவா.

பாலிபேட் என்பது மேசைமேல் பரப்பிவைக்கும் கணிதப் பொருள்களின் திரை வடிவம்: பின்னப் பட்டைகள், இயற்கணித ஓடுகள், பல்கோணங்கள், எண்கோடு, பகடை. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளையிடம் விதியைத் திரும்பச் சொல்லாதீர்கள். அரைப் பட்டையை வைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஐந்தில் இரண்டு பட்டையை வைக்கச் சொல்லுங்கள். கூட்டிய பிறகு இருந்ததைவிடக் குறைந்துபோனதை அது தானே பார்த்துவிடும். கையால் தொடும் பட்டைகள் இருந்தால் அதுவே மேல், திரை இரண்டாம் பட்சம். அட்டையில் வெட்டிக் கொடுக்க நேரம் இல்லாத நாட்களுக்குத்தான் இது.

இனி கருவிகளை விட்டுவிட்டுக் கணக்குகளுக்கு வருவோம். நல்ல கணக்கு கிடைப்பதுதான் அரிது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் 1996லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. அதன் கணக்குகளுக்குள் குனியாமல் நுழையலாம், உள்ளே போனால் கூரை தலையில் இடிக்காது. எனக்குப் பிடித்தது, அடுத்தடுத்த எண்களின் கூட்டல். 9 என்பது 4 + 5, அதுவே 2 + 3 + 4. 15ஐ மூன்று விதமாக எழுதலாம்: 7 + 8, 4 + 5 + 6, 1 + 2 + 3 + 4 + 5. எந்த எண்களையெல்லாம் இப்படி எழுத முடியும்? எதை முடியாது? கூட்டத் தெரிந்த எந்தப் பிள்ளையும் தொடங்கிவிடலாம். அரை மணி நேரத்தில் 2, 4, 8, 16 மட்டும் பிடிவாதமாக நிற்பதை வகுப்பு கவனிக்கும். ஏன் என்று தோண்டினால் ஒற்றைப்படைக் காரணிகளில் போய் முடியும். எத்தனை விதமாக எழுதலாம் என்பதும் அங்கேயே இருக்கிறது: ஒன்றைத் தவிர 15க்கு ஒற்றைப்படைக் காரணிகள் மூன்று, வழிகளும் மூன்று. மெதுவாகப் போகிற பிள்ளைக்கு நூறு கூட்டல் கணக்குப் பயிற்சி, வேகமாகப் போகிற பிள்ளைக்கு நிரூபணம், இரண்டும் ஒரே கேள்வியில். ஆசிரியருக்கான குறிப்பும் பிற மாணவர்கள் அனுப்பிய தீர்வுகளும் கணக்கோடு சேர்ந்தே இருக்கும். வகுப்புக்கு முந்தைய நாள் தீர்வுகளைப் படித்துவிடாமல் நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் எங்கே மாட்டுவார்கள் என்று அப்போதுதான் தெரியும்.

ஐந்து நிமிடத் தொடக்கத்துக்கு, கூட்டத்தில் சேராதது எது என்று கேட்கும் தளமும், படிப்படியாக வளரும் வடிவங்களைக் காட்டும், ஃபான் நுயென் தொடங்கிய காட்சி வடிவங்கள் தளமும் இருக்கின்றன. முதலாவதில் நான்கு எண்களோ உருவங்களோ இருக்கும். ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு காரணம் சொல்லி வெளியே நிறுத்தலாம். பாணி பழகிவிட்டால் நாமே உருவாக்கிக்கொள்ளலாம். 9, 12, 16, 25 என்று வையுங்கள். 9 மட்டும் ஓரிலக்கம், 12 மட்டும் முழு வர்க்கம் அல்ல, 16 மட்டும் இரண்டின் அடுக்கு, 25 மட்டும் ஐந்தின் மடங்கு. வாயே திறக்காத பிள்ளைகூட இதில் பேசும், ஏனென்றால் எந்த விடையும் தப்பில்லை.

பிள்ளைகளுக்கு என்ன புரியவில்லை என்று கண்டுபிடிக்கிற விஷயத்தில் 'டயக்னாஸ்டிக் கொஸ்டின்ஸ்' என்ற தளம் என் வகுப்பையே மாற்றியது என்று சொல்வேன். கிரெய்க் பார்ட்டன் என்ற கணித ஆசிரியர் கூட்டாகத் தொடங்கியது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். தப்பு விடைகள் கண்டபடி போட்டவை அல்ல. ஒவ்வொரு தப்பு விடைக்குப் பின்னாலும் ஒரு தப்பான புரிதல் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து நானும் கேள்வி எழுதக் கற்றுக்கொண்டேன். ஓர் உதாரணம். தசமங்களில் எது பெரியது என்று 0.4, 0.35, 0.125 கொடுத்தேன். பெரும்பாலானோர் 0.4 என்றார்கள். சந்தோஷமாக அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர்களில் பலர் 'இலக்கம் குறைந்தால் எண் பெரிது' என்று நினைத்து 0.4ஐச் சொல்லியிருக்கிறார்கள். தப்பான காரணம், சரியான விடை. இப்போது 0.3, 0.62, 0.125 என்று கொடுக்கிறேன். 'நீளமானதே பெரிது' என்பவர் 0.125ஐச் சொல்வார், 'குட்டையானதே பெரிது' என்பவர் 0.3ஐச் சொல்வார், இட மதிப்பு புரிந்தவர் மட்டும் 0.62க்கு வருவார். இரண்டு எண்களை மாற்றியதில் மூன்று கூட்டம் தனித்தனியாகப் பிரிந்து நிற்கிறது. விரலை உயர்த்திக் காட்டச் சொன்னாலே போதும், கருவிகூட வேண்டாம்.

பயிற்சிக்குக் கான் அகாடமி எல்லாருக்கும் தெரிந்ததுதான். சல்மான் கான் 2004இல் உறவுக்காரப் பெண் ஒருவருக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுத்ததில் தொடங்கி, 2008இல் லாப நோக்கில்லாத அமைப்பானது. அதன் காணொளிகளைவிடப் பயிற்சிக் கணக்குகள்தான் எனக்கு உபயோகமாக இருக்கின்றன. விடை உடனே தெரிந்துவிடும், யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஆசிரியருக்கும் தெரியும். ஒரு எச்சரிக்கை: சில பிள்ளைகள் குறிப்பு, குறிப்பு என்று அழுத்தியே விடைக்கு வந்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு கணக்கையாவது நோட்டில் முழுதாகப் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். தாள் பயிற்சிக்கு மறைந்த டான் ஸ்டுவர்ட் என்ற ஆங்கிலேய ஆசிரியர் விட்டுச்சென்ற 'மீடியன்' தளம் ஒரு பொக்கிஷம். கணக்குகள் சும்மா திரும்பத் திரும்ப வராமல், ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்துக்கொண்டே போகும். பொத்தானை அழுத்தினால் நாற்பது கணக்கு துப்பும் இயந்திரங்களை நான் விட்டுவிட்டேன். நான்காவது கணக்கிலேயே பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடுகிறது.

சரி, விடை போட்டுத் தரும் செயலிகள். வுல்ஃப்ராம் ஆல்ஃபா 2009இலிருந்து இருக்கிறது. போட்டோமேத்தில் கணக்கைப் படம் பிடித்தால் படிப்படியாகத் தீர்வு வருகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் வேறு. தடை போட்டுப் பயனில்லை, வீட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. நான் செய்வது இதுதான்: விடையை முதலிலேயே கொடுத்துவிடுவேன். "இந்தச் சமன்பாட்டின் மூலங்கள் 2, 5. இதே மூலங்கள் வரும் வேறு மூன்று சமன்பாடுகள் எழுது" என்று கேட்டால் விடைக்கு மதிப்பு போய்விடுகிறது, வழிக்கு மதிப்பு வருகிறது. செயற்கை நுண்ணறிவை நான் கேள்வித்தாள் தயாரிக்கும் நேரத்தில் பயன்படுத்துகிறேன், 'இந்தக் கணக்கில் மாணவர் செய்யக்கூடிய ஐந்து தவறுகள் என்ன' என்பதுபோல். ஐந்தில் இரண்டு நன்றாக இருக்கும். ஆனால் அது போடும் கணக்கை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். தப்பையும் அதே நம்பிக்கையோடு, அதே அழகான வரிகளில் எழுதும். சொல்லப்போனால் அந்தத் தப்புகளே நல்ல வகுப்புப் பொருள்: "இந்தத் தீர்வில் எந்த வரியில் வண்டி தடம் புரண்டது?" என்று கேட்கலாம்.

வரலாற்றுக்கு ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் மேக்டியூட்டர் தளம். குறை எண்களை நடத்தும்போது பிரம்மகுப்தர் 628இல் சொத்து, கடன் என்று சொல்லி விதிகள் எழுதியதை அங்கிருந்து எடுத்துச் சொல்வேன். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் ஐரோப்பியக் கணிதவியலாளர்கள் சிலர் குறை எண்ணை எண்ணாகவே ஏற்கத் தயங்கினார்கள். "எனக்கு மட்டும்தான் இது புரியவில்லை" என்று நினைக்கும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். 3புளூ1பிரவுன், நம்பர்ஃபைல் என்ற யூடியூப் கணிதச் சேனல்கள் இரண்டும் உங்களுக்காக, இரவு சாப்பிட்ட பிறகு பார்க்க. வகுப்பில் போடுவதானால் இரண்டு நிமிடத் துண்டு, அதுவும் விடை வரும் முன் நிறுத்திவிட வேண்டும். புள்ளியியலுக்குக் கோடாப் என்ற இலவசத் தளத்தில் உண்மையான தரவை இழுத்துப்போட்டு வரைபடமாக்கலாம், கேப்மைண்டரில் நாடுகளின் குமிழ்கள் ஆண்டுகளோடு நகர்வதைப் பார்க்கலாம்.

இணைய வளங்களை நம்பி ஏமாந்த அனுபவம் எனக்கு நிறைய. உலாவியில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருள் 2020 கடைசியோடு நிறுத்தப்பட்டபோது நான் வருடக்கணக்கில் சேர்த்துவைத்திருந்த விளையாட்டுகள் பாதி செத்துப்போயின. அலெக்சாண்டர் போகொமோல்னி 1996இலிருந்து தனியொருவராகக் கட்டிய 'கட் தி நாட்' தளத்திலும் ஜாவா அசைபடங்கள் இப்போது உலாவிகளில் ஓடுவதில்லை. ஆனால் அங்கே அவர் எழுதிவைத்த நிரூபணங்கள் இன்றும் தங்கம். பித்தகோரஸ் தேற்றத்துக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அதனால் இணைப்பை மட்டும் சேமிக்காதீர்கள், கேள்வியையும் நோட்டில் எழுதிவையுங்கள். கருவி போனாலும் கேள்வி கையில் இருக்கும். பிள்ளைகளின் பெயர், மின்னஞ்சல் கேட்கிற தளங்களில் பதிவு செய்யுமுன் யோசியுங்கள். வகுப்புக் குறியீடு மட்டும் போட்டு, புனைபெயரில் நுழைய விடுபவையே எனக்கு வசதி.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், அடுத்த மாதம் நடத்தப்போகும் ஒரே ஒரு பாடத்தை எடுங்கள். அதில் ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகள் தவறாமல் சறுக்குகிற இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் மேலே சொன்னவற்றில் ஒன்றைத் தேடுங்கள். திரை ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை நீங்கள் தொடாதீர்கள், ஒரு பிள்ளையை இழுக்கவிட்டு மற்றவர்கள் அதற்கு முன்பே ஊகத்தை எழுதிவைக்கட்டும். அந்த ஒரு பாடம் முடிந்த பிறகு இரண்டாவது தளத்தைத் திறக்கலாம். ஆண்டுக்கு நான்கு பாடங்கள் இப்படித் தேறினால் போதும், நான் அதற்கு மேல் முயன்ற ஆண்டுகளில் எல்லாமே அரைகுறையாகத்தான் முடிந்தது.